யூகோஸ்லாவியா: இன்டர்லாக்கன் கிளை

செவ்வாய், 12 நவம்பர் 2024

ஒரு சிறிய பிழை. 'யூகோஸ்லாவியாவின் ஆறு குடியரசுகள்' என்று தலைப்புப் போட்டுவிட்டு ஐந்தைத்தான் எழுதியிருந்தேன். மொண்டெநேக்ரோ விடுபட்டுவிட்டது. மாலை வகுப்பில் ஆசிரியைதான் எண்ணிப் பார்த்தார். நான் இரண்டு தடவை சரிபார்த்திருந்தேன். இரண்டு தடவையும் எழுத்துப் பிழையைத்தான் தேடியிருக்கிறேன்.

அந்த வகுப்பில் நான் வாசிக்கவேண்டிய உரை அடுத்த செவ்வாய். கூட்டாட்சி 1945இல் உருவானது, தலைவர் 1980இல் இறந்தது, 1991இலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றது எல்லாம் வரிசையில் இருக்கின்றன. "ஆண்டுகள் இருக்கின்றன, ஆட்கள் இல்லை. அங்கே வாழ்ந்த யாரையாவது கேளுங்கள்" என்றார் ஆசிரியை.

இது எனக்குச் சுலபம். நான் சமைக்கும் இன்டர்லாக்கன் ஹோட்டலில் அப்படி இருவர் இருக்கிறார்கள். ஸ்லாவிட்சா செர்பிய இனப் பெண். மிர்சாட் பொஸ்னிய முஸ்லிம். அங்கே நடந்த சண்டையில் இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்கள். 2006இலிருந்து, பதினெட்டு வருடமாக, ஒரே மேசையில் நின்று மரக்கறி வெட்டுகிறார்கள். பத்து மணிக்குச் சிறிய செம்புப் பாத்திரத்தில் கோப்பி காய்ச்சி, ஒரு சிகரெட் பெட்டியை நடுவில் வைத்துச் சேர்ந்து குடிப்பார்கள். எங்கேயிருந்து வந்தீர்கள் என்றால் இருவரும் "கீழேயிருந்து" என்பார்கள். அவர்கள் பேசும் மொழிக்குப் பெயர் கேட்டால் "எங்கள் மொழி". அந்தச் சமையலறையில் யாரும் யாரையும் ஏசாத பத்து நிமிடம் அதுதான். அதைப் பார்ப்பதற்காகவே நான் அந்த நேரத்தில் வெங்காயம் எடுக்கப் போவதுண்டு.

புதன், 13 நவம்பர்

இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். ஜெர்மனில்தான் கதைத்தோம். எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"மிர்சாட், கீழ எண்டால் எவடம்?"

"பொஸ்னியா."

"அது தெரியும். எந்த ஊர்?"

"சின்ன ஊர். சொன்னாலும் தெரியாது."

"சொல்லுங்கோவன்."

சொன்னார். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டேன். மரம் அரியும் ஆலைக்குப் பின்னால் என்றார். இது எங்கள் ஆட்களின் பழக்கம். ஒரு கலியாண மண்டபத்தில் அறிமுகமானவுடன் ஊர் கேட்பார்கள், பிறகு ஊரில் எவடம், எந்தக் கோயிலடி, யாருடைய பிள்ளை. நாலாவது கேள்விக்குள் உறவு பிடித்துவிடுவார்கள். நான் இங்கே பக்கத்து நகரமான துன்னில் பிறந்தவள். என்னிடம் கேட்டால் அப்பாவின் ஊரான புங்குடுதீவைச் சொல்வேன். அதற்கே கேக்கில் பெரிய துண்டு கிடைத்திருக்கிறது.

ஸ்லாவிட்சாவைக் கேட்டேன். அதே ஊர். ஆலைக்குப் பின்னால், அதே தெரு.

இருவரின் பதிலையும் குறித்த இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிழையில்லை.

வியாழன், 14 நவம்பர்

காலை 10.04. கோப்பி மேசைக்குப் போய்ச் சொன்னேன்: "நீங்கள் ரெண்டு பேரும் ஒரே ஊர்! ஒரே தெரு!"

கட்டிப்பிடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் என்றால் ஒருவராவது அழுதிருப்பார்.

மிர்சாட் அவளிடம் தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். அவள் ஒரு பெயரும் ஒரு வீட்டு இலக்கமும் சொன்னாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பாதிக் கோப்பி இருந்தது. சிகரெட் பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அது அவளுடைய பெட்டி. அவள் திருப்பிக் கேட்கவில்லை.

பாத்திரம் கழுவும் இடத்தில் அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

"எங்கட வீட்டு வாசல் மணிக்குக் கீழ இப்ப அவளின்ர மாமன்ர பேர் கிடக்கு" என்றார் மிர்சாட். "தொண்ணூற்றிரண்டுச் சண்டையில நாங்கள் சாவியைக் கதவில விட்டிட்டு ஓடினனாங்கள். ஆர் எடுத்தது எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்ப தெரியும். நன்றி."

நன்றி என்றதை அவர் நக்கலாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

குறிப்பு: தோற்றம் 2006. வீழ்ச்சி 14.11.2024, காலை 10.04. காரணம்: நான்.

வெள்ளி, 15 நவம்பர்

மிர்சாட் இயந்திரக் கோப்பி குடித்தார். ஸ்லாவிட்சா குளிர் அறைக்குப் பக்கத்தில் தனியாக நின்றாள். மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"தெரியாமல் இருந்தனாங்கள் எண்டு நினைச்சியோ?" என்றாள். "அவன் வாய் திறந்த முதல் கிழமையே எனக்கு ஊர் தெரியும். அவனுக்கும் என்ரை தெரியும். தெரு மட்டுந்தான் தெரியாது. நீ தெரு வரைக்கும் போனாய்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"மாமா செய்ததுக்கு நான் என்னத்தைச் செய்ய? எனக்கு அப்ப பதினேழு வயசு." கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மதியச் சாப்பாட்டு வேலை முடிந்ததும் யோகராஜா அண்ணை கூப்பிட்டார். சமையலறைக்குப் பொறுப்பானவர், வேலை அட்டவணை போடுபவரும் அவர்தான்.

"பிள்ளை, நாளைக்கு நூற்றிருபது பேருக்குக் கலியாணம். ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கேலாதாம். பதினெட்டு வருசமா இந்த அட்டவணையில நான் கை வைக்கேல்லை. நீ என்ன செய்தனி?"

"ஊர் கேட்டனான், அண்ணை."

"ஊரோ? எவடம் எண்டும் கேட்டனியோ?"

"ஓம்."

தலையில் கைவைத்தார். "அவையள் என்ன புங்குடுதீவோ? சரி. உடைச்சது நீ, நடுவில நிக்கிறதும் நீதான். ஐ.நா. படைக்காரரின்ர நீலத் தொப்பி வேணுமெண்டால் சொல்லு, வாங்கித் தாறன்."

இப்போது இடைவேளை. இந்தக் கதையை உரையில் சேர்த்தால் ஆறு புள்ளிக்கு ஐந்தரையாவது கிடைக்கும் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தாள்களையும் கிழித்தேன். ஆசிரியையிடம் ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லப்போகிறேன். ஆண்டுகள் மட்டும் போதும். அவற்றையாவது ஒழுங்காக எண்ணியிருக்கிறேன் என்று நம்புகிறேன்.

நாளை: காலை ஆறரைக்கு நீள மேசை. உருளைக்கிழங்கு முப்பது கிலோ. தோல் உரிப்பது மிர்சாட், வெட்டுவது ஸ்லாவிட்சா, இடையில் நின்று பாத்திரத்தை நகர்த்துவது நான்.