இரண்டாவது விரல்

"கட்டை விரல் இல்லேன்னா ஆள்காட்டி விரலை வச்சுப் பாரு" என்றார் அக்காவின் கணவர். கதவருகில் நின்றிருந்த பிணவறை ஊழியர், பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அக்கா தம்பியின் கையைத் துணிக்கு வெளியே எடுத்து, அவனுடைய போனின் கண்ணாடியில் விரலை வைத்து அழுத்தினாள். போன் ஒருமுறை அதிர்ந்து, அடையாளம் தெரியவில்லை என்றது. இரண்டாவது விரலுக்கும் அதையேதான் சொன்னது. கடைசியாக அவன் கையை எப்போது பிடித்தோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. கையை மறுபடி துணிக்குள் வைத்து ஓரத்தைச் செருகினாள்.

"போதும், வாங்க."

அன்று காலையில், தம்பி வேலைக்கு வராததால் லிப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் வீடு தேடிப் போயிருக்கிறார். கதவைத் திறந்தது, அவனுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரர். தூக்கத்திலேயே உயிர் போயிருக்கிறது, மாரடைப்பு என்றார்கள். அக்கா வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்குத் தகவல் வந்தபோது, அவள் ஒரு பெரியவரின் மூக்கில் புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். சரிசெய்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

நாளைக் காலை தகனம். யாருக்குச் சொல்வது? கல்யாணம் ஆகாதவன். மாதத்துக்கு ஒரு தடவை அக்கா வீட்டில் சாப்பிட வருவான், சாப்பிட்டுவிட்டுப் போவான். அவனுக்குத் தெரிந்தவர்கள் என்று யாராவது இருந்தால் அந்தப் போனுக்குள்தான் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு அது ஞாபகம் வந்தது.

போன வருஷம் யாரோ அவனுடைய மெயிலுக்குள் புகுந்து அவன் பெயரில் கண்டதையும் எழுதி அனுப்பிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தான். "வீடு, பீரோ, சைக்கிள் எல்லாத்துக்கும் ஒரே சாவி போட்டா திருடனுக்குக் கொண்டாட்டம்தானே" என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான். அதன்பின் பல வாரங்கள் இதே ஆராய்ச்சிதான்.

"ஒரு டைரில எழுதி வைடா" என்றாள் அக்கா.

"டைரி தொலையும். நனையும். அடுத்தவன் படிப்பான்."

"போன்லயே எழுதி வை."

"போன் தொலைஞ்சா?"

கடைசியில் ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தான். எல்லா பாஸ்வேர்டையும் அதுவே உருவாக்கி, அதுவே பூட்டி வைத்துக்கொள்ளுமாம். அந்தப் பெட்டகத்தைத் திறக்க ஒரே ஒரு பெரிய பாஸ்வேர்ட். அதை மட்டும் எங்கேயும் எழுத மாட்டானாம்.

"பின்ன எங்க வைப்ப?"

"மண்டைக்குள்ள."

"நீ மண்டையப் போட்டா?"

அவன் சிரித்த சிரிப்பில் தண்ணீர் புரையேறியது. "அதுக்குத்தான் உன்னைப் போட்டிருக்கேன்" என்று அவள் போனை வாங்கி ஏதேதோ செய்தான். அவள் கேட்டால் பெட்டகம் திறக்கும். ஆனால் உடனே திறக்காது. முதலில் அவனிடம் கேட்கும். ஒரு நாளுக்குள் அவன் வேண்டாம் என்று சொல்லாவிட்டால்தான் அவளுக்குத் திறந்துவிடும்.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? எனக்கு டிவி ரிமோட்டே ஒழுங்கா வராது."

"வேற யாரு இருக்கா?" என்றான். தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

இப்போது வராந்தாவில் அவள் தன் போனில் அந்தச் செயலியைத் தேடித் திறந்து, அனுமதி கேட்கும் பொத்தானை அழுத்தினாள். கைப்பைக்குள் இருந்த தம்பியின் போன் உடனே சிணுங்கியது. எடுத்துப் பார்த்தாள். பூட்டிய திரையில் அவளுடைய பெயர். உங்கள் பெட்டகத்தைத் திறக்க இவர் அனுமதி கேட்கிறார். விருப்பமில்லை என்றால் ஒரு நாளுக்குள் மறுக்கலாம்.

கணவர் எட்டிப் பார்த்தார். "நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும் போலிருக்கே. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும்."

"ஆமா."

"வேற வழி இல்லையா?"

"இல்ல. திருடனுக்கும் இல்ல, நமக்கும் இல்ல."

தகன நிலையத்தில் நாற்காலிகள் நிறையப் போட்டிருந்தார்கள். மேற்பார்வையாளர், கூட வேலை செய்யும் இரண்டு பேர், வீட்டுக்காரர், இவர்கள் இருவர். எல்லோரும் முன்வரிசையிலேயே அடங்கிவிட்டார்கள். வீட்டுக்காரர் வாசலை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"வேற யாருக்கும் சொல்லலையாம்மா?"

"யாருக்குச் சொல்றதுன்னு தெரியலைங்க."

மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார். "வேலையில கெட்டிக்காரர்மா. கயிறு சத்தத்தை வச்சே எங்க கோளாறுன்னு சொல்லிடுவார். பேசத்தான் மாட்டார். டீ குடிக்கக் கூப்பிட்டா, வேண்டாம்னு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான்."

அக்காவும் தலையாட்டினாள். அவளுக்குத் தெரிந்த தம்பியும் அவன்தான்.

சாயங்காலம் தம்பியின் வீட்டில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது பெட்டகம் திறந்துவிட்டதாகத் தகவல் வந்தது. கணவர் காஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போயிருந்தார். அவள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். மெயில், லேப்டாப், மின்சாரம், வங்கி, கம்பெனி வருகைப் பதிவு. அதற்குக் கீழே 'குறுக்கெழுத்து' என்று ஒன்று.

நாற்காலிக்கு மாறி, மேஜைமேல் இருந்த அவனுடைய லேப்டாப்பில் அந்தத் தளத்தைத் திறந்து, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தாள். அம்மா பெயரோ, பிறந்த தேதியோ, ஏதாவது ஒன்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒன்றுமில்லை. எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த வெறும் கிறுக்கல். இயந்திரம் போட்டது. அதில் அவன் எங்கேயும் இல்லை.

பக்கம் திறந்தது. மேலே 'லிப்ட்டு' என்று அவன் வைத்துக்கொண்ட பெயர். பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது.

"வந்தாச்சு! வந்தாச்சு!" என்று 'கறுப்புக் கட்டம்' என்பவர் எழுதினார்.

"எங்கய்யா போயிட்டீங்க? ரெண்டு நாளா புதிர் வரலைன்னு இங்க ஒரே ரகளை" என்றார் 'ரிட்டயர்டு'.

"லிப்ட் எந்த மாடியில மாட்டிக்கிச்சு?"

"சரி, தோத்துட்டோம்னே வச்சுக்குங்க. ஏழு குறுக்கே என்னன்னு சொல்லிடுங்க. மண்டை வெடிக்குது."

அவள் மேலே நகர்த்திப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் அவன் போட்ட கட்டங்கள், வருஷக்கணக்காக. ஒவ்வொன்றுக்கும் கீழே கிண்டல், சண்டை, பாராட்டு. அவன் எழுதிய நீளமான பதில்கள். இவ்வளவு பேசுவானா? ஒருத்தரின் பேத்திக்குக் காய்ச்சல் என்று மூன்று தடவை விசாரித்திருந்தான். ஒரு இடத்தில், அக்கா வைக்கும் குழம்பில் உப்பு இருக்காது, இருந்தும் ரெண்டு தடவை போட்டுச் சாப்பிடுவேன் என்று எழுதியிருந்தான்.

கீழே புதிதாக ஒரு வரி வந்தது. "அக்கா வீட்டுக்குப் போயிருந்தீங்களா? கண்ணாடிக் கடை அக்கா நல்லா இருக்காங்களா?"

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு விசைப்பலகையில் விரலை வைத்தாள். 'நான்' என்று அடித்தாள். அழித்தாள். மறுபடி 'நான்' என்று அடித்தாள்.

லிப்ட்டு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அங்கே தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.

"மெதுவா எழுதுங்க" என்று ரிட்டயர்டு போட்டார். "நாங்க எங்கயும் போகல."

அவள் நாற்காலியை மேஜைக்குப் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.