மஞ்சள் வானத்துக்குக் கீழே ஒரு தெரு

1
இந்தக் கதை ஒரு சட்டத்திலிருந்து வந்தது. வீட்டில் செய்த ட்ரோனை ஊருக்குள் பறக்கவிட என்ன விதி என்று சும்மா படித்துக்கொண்டிருந்தேன். வானத்தை வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். மஞ்சள் என்றால் விமானக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி வேண்டும். அவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரே கேள்விதான் மிஞ்சியது. வேலை முடிந்து வந்து இதையெல்லாம் செய்துகொண்டிருப்பவனுக்குப் பேச ஆளே இல்லையா?

2
ஓசூரின் அந்தி வானில் தனிமைப் பறவையொன்று தன் சிறகுகளை—

(சகிக்கவில்லை. என் லட்சணம் உங்களுக்கும் தெரியட்டும் என்று அழிக்காமல் விடுகிறேன்.)

கமலக்கண்ணன் விருதுநகர்க்காரன். சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரப் பரிசோதனை வேலை. பல வருடமாக ஒரே மாடி அறை, ஒரே தெரு, ஒருவர் பெயரும் தெரியாது. பெங்களூரில் மோட்டார் வாங்கிவந்து, ஞாயிறுகளில் உட்கார்ந்து ட்ரோன் செய்தான்.

கம்பெனியில் ஒரு திருகாணியை மாற்றினாலும் சம்பந்தப்பட்ட அத்தனை பேரிடமும் ஓகே வாங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், எந்தெந்த மாடிக்கு மேல் பறக்குமோ அந்த வீடுகளையெல்லாம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தான்.*

* விதிகளில் இப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. அவனாகச் சேர்த்துக்கொண்டது.

3
எதிர்வீட்டு நஞ்சம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"யாருப்பா?"

"எதுத்த மாடியில இருக்கேங்க்கா. சின்னதா ட்ரோன் ஒண்ணு செஞ்சிருக்கேன். ஞாயித்துக்கெழம ஒங்க மாடி மேல பறக்க விடலாமான்னு..."

"எதுர் மாடியா? அங்க லைட்டு எரியும், பார்த்திருக்கேன். ஆளு நீதானா?" கதவு முழுதாகத் திறந்தது. "உள்ள வா. டீ குடிக்கிறியா?"

பக்கத்து வீட்டில் காவியா என்ற சிறுமி, "ஞாயித்துக்கெழம தானே அண்ணா? என் ஃப்ரெண்ட்ஸையும் கூப்புட்டுக்கவா?" என்றாள். கடைசி வீட்டுத் தீர்த்தகிரி கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தார். இவன் அறைக்குத் திரும்பியபோது தெரு முழுக்கப் பெயர்கள் இருந்தன. அன்று அவன் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டான். அவ்வளவு சந்தோஷம்.

4
சனிக்கிழமைதான் வரைபடத்தைப் பார்த்தான். தெருவுக்கு மேல் மஞ்சள். பக்கத்தில் விமான ஓடுதளம் இருக்கிறது. ஒரு நாளுக்குள் அனுமதி கிடைக்காது. தெருவே சம்மதித்தாலும் வானம் அவர்களுடையது இல்லை.

(மஞ்சள் பூசியது நான்தான். பச்சையாக்க எனக்கு ஒரு சொல் போதும். ஆக்கியும் பார்த்தேன். ட்ரோன் பறந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், படியிறங்கிப் போனார்கள், கதவுகள் சாத்திக்கொண்டன. அதைக் கிழித்துப் போட்டேன்.)

(இன்னொன்றில் அவன் யாரிடமும் சொல்லாமல் அறையைக் காலி செய்துவிட்டு... அது என்னால் முடியவில்லை.)

5
ஆகவே ஞாயிறு மாலை. மாடிகளில் நாற்காலி போடும் சத்தம் கேட்கிறது. பறக்காது என்பதைச் சொல்ல அவன் மறுபடி ஒவ்வொரு கதவாகப் போயாக வேண்டும். இந்த முறை கேட்க எதுவும் இல்லை. கையில் ட்ரோன்கூட இல்லை. வெறும் ஆள் வந்தால் யாராவது உள்ளே கூப்பிடுவார்களா என்பதுதான் அவன் பயம்.

முதல் கதவைத் தட்டுகிறான்.

அது நஞ்சம்மாவின் வீடு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அது உங்கள் வீடு.