வாருக்கு அடியில் வந்த கட்டி

வண்டிக்குதிரையின் முன்னங்காலுக்குப் பின்னால் கட்டி ஒன்று கையில் தட்டுப்பட்ட அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கணவரின் கழுத்திலும் இப்படித்தான் கொட்டைப்பாக்கு அளவில் தொடங்கியது; ஆறே மாதத்தில் ஆளைக் கொண்டுபோய்விட்டது.

கால்நடை டாக்டரம்மா குனிந்து கட்டியை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு வயிற்றுவாரை எடுத்து அளந்து பார்த்தார்.

“எந்த ஓட்டையில மாட்டுறீங்க?”

“அவர் மாட்டுற ஓட்டையிலதான் டாக்டர். அதை மாத்த எனக்கு மனசு வரல.”

“நாலு மாசம் சும்மா நின்னு தின்னதுல இவன் புதுமாப்பிள்ளை மாதிரி ஊதிட்டான். இப்போ நீங்க மறுபடி வண்டி பூட்டும்போதும் அதே ஓட்டைன்னா வார் அறுக்காம என்னம்மா செய்யும்? பாருங்க, தோலும் உரிஞ்சிருக்கு. இது உரசல் கட்டி. ஆறுற வரைக்கும் வண்டி பூட்டாதீங்க, வத்திடும். அப்புறம் ரெண்டு ஓட்டை தள்ளி மாட்டுங்க.”

“அப்போ... அந்த நோய் இல்லையா?”

“இல்லவே இல்ல.”

அவள் குதிரையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இந்த ஒரு பதிலுக்காக அவளும் அவரும் எத்தனை ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் காத்திருந்தார்கள்! கடைசியில் அதைச் சொல்லவும் ஒருவர் வீடு தேடி வந்தாரே என்று நெஞ்சு நிறைந்தது.

“நல்லா இருப்பீங்கம்மா,” என்றாள்.