இரண்டு முதலாமிடம்

எங்கள் கரையோரப் பாடசாலைகளுக்கு வினாடி வினாப் போட்டியைத் தொடங்கியவன் நான்தான். முதல் வருடம் தோற்ற தமிழ்ப் பாடசாலை பக்கச்சார்பென்று கூச்சல் போட்டது. மறுவருடம் தோற்ற முஸ்லிம் பாடசாலையும் அதையே சொன்னது. பாடசாலை அதிபர்மார் கூடி, இனி எல்லாம் சமமாகத்தான் முடிய வேண்டும் என்றார்கள். பிள்ளைகளை வளர்க்கிற இலட்சணம்!

இம்முறை இறுதிப்போட்டியில் கேள்விகளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டு, புள்ளிகளைச் சமமாகவே கொண்டுவந்தேன். ஆனால் பொறுக்கவில்லை. யாராவது வெல்லட்டும் என்று, திட்டத்தில் இல்லாத ஓர் இலகுவான கேள்வியைக் கேட்டேன். கல்முனை முஸ்லிம் பாடசாலை ஸம்றாவின் கையும் தம்பிலுவில் தமிழ்ப் பாடசாலை மதுஷனின் கையும் மணிக்குப் பக்கத்திலேயே இருந்தன. இருவருமே அடிக்கவில்லை.

“ஏன் மகள், விடை தெரியாதா?”

“தெரியும் சேர்,” என்றாள் ஸம்றா. “மேசையில இருக்கிற ரெண்டு கப்பிலயும் முதலாமிடம் எண்டுதானே எழுதிக் கிடக்கு.”