ஏழு இருபது செய்தி

உள்ளூர்க் கேபிள் டிவியான அரங்கா விஷனின் 'காலைக் காப்பி' நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிந்தாக வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஸ்டூடியோ என்று பெரிய பெயர் வைத்திருந்தாலும் அது அரங்கசாமியின் தறிக்குடோனுக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான். ராத்திரி ஷிப்டு இறங்கி, பகல் ஷிப்டு ஏறுகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் கீழே இருபத்து நான்கு தறிகளும் வாயை மூடிக்கொண்டிருக்கும். அதற்குள் சோமனூர் சனத்துக்குச் சாமி பாட்டு, உலக நடப்பு, காய்கறி விலை, பிறந்தநாள் வாழ்த்து, சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் ஊட்டிவிட வேண்டும்.

யாருக்கு எவ்வளவு நேரம் என்பதில்தான் தினமும் தகராறு. செய்தி வாசிக்கிற பாலகோபாலுக்கு ஏழு இருபதிலிருந்து பத்தே நிமிடம். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிப் பாட்டுப் போடுகிற மோகனப்பிரியாவுக்கு முழுசாக அரை மணி. இந்த அநியாயத்தைக் கேட்க நாதியில்லை என்று பாலகோபாலுக்கு மனக்குறை. பகலில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர் என்பதால் ஊரே அவரை மாஸ்டர் என்று கூப்பிடும். விடிவதற்குள் மூன்று பேப்பரைக் கரைத்துக் குடித்துவிட்டுச் செய்தியைத் தப்பில்லாமல் டைப் அடித்துக்கொண்டு வருவார். ஆனால் டீக்கடையில் அவரை நிறுத்திப் பேசுகிறவர்கள், "ஏனுங்க மாஸ்டரு, நேத்துப் போட்ட பாட்டு பாதியில நின்னுபோச்சுங்களே, அதை மறுக்காப் போடச் சொல்லுங்க" என்பார்களே தவிர, செய்தியைப் பற்றி மூச்சு விட மாட்டார்கள்.

"சனம் காலங்காத்தால சிரிச்ச மூஞ்சியப் பாக்கோணும்னு நெனைக்குது மாஸ்டரு," என்பார் முதலாளி அரங்கசாமி. "நீங்க வந்து உக்காந்தா கரண்டு பில்லு வந்தாப்பல இருக்குது."

தொண்ணூற்றாறாம் வருஷத்து மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ஏழு ஐந்துக்கு ஃபோன் அடித்தது. மேட்டுப்பாளையத்தில் கிழங்கு மண்டி வைத்திருக்கும் பீர் முகம்மது. அன்றாடம் காய்கறி விலை சொல்கிறவர் அவர்தான்.

"மாஸ்டர், இன்னைக்கு வெல கெடக்கட்டும். உங்கூரு லாரி ஒண்ணு, எங்க மண்டியில கெழங்கு ஏத்திக்கிட்டுக் கெளம்புனது, பனியில ரோடு தெரியாம பாலத்துச் சுவத்துல மோதிக் கவுந்துபோச்சு. டிரைவரக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நெனவில்ல. லைசென்சுல தமிழ்வேந்தன், சோமனூர்னு போட்டிருக்குது."

பாலகோபால் கல்நெஞ்சுக்காரர் அல்ல. ஐயோ பாவம் என்றுதான் முதலில் அவருக்கும் தோன்றியது. இரண்டாவதாகத் தோன்றியதைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். இது எந்தப் பேப்பரிலும் வராத செய்தி. மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் வாயிலிருந்து ஊர் ஒன்றைத் தெரிந்துகொள்ளப் போகிறது. டைப்ரைட்டரில் தாளைச் சொருகினார். விரல்கள் பறந்தன.

பக்கத்து மேசையில் மோகனப்பிரியா அன்றைய பிறந்தநாள் ஃபோட்டோக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவர் டைப் அடிப்பதை எட்டிப் பார்த்தாள். பிறகு அடியிலிருந்து ஒரு ஃபோட்டோவை உருவி அவர் முன்னால் வைத்தாள். இரட்டைச் சடை போட்ட சிறுமி. பின்பக்கம் கோணல்மாணலான கையெழுத்தில், 'கிருபா, ஐந்தாவது பிறந்தநாள். வாழ்த்துவோர்: அப்பா தமிழ்வேந்தன், லாரி டிரைவர்' என்று தொடங்கி ஒரு பட்டியல்.

"மாஸ்டருங்க, இதை இப்ப வாசிக்காதீங்க. அவுங்க ஊட்டுல டிவி இல்ல. பக்கத்தூட்டு சீனிவாசலு கடையில தாயும் புள்ளையும் இந்நேரம் டிவி முன்னால உக்காந்திருப்பாங்க."

"செய்தியச் செய்தியாத்தான் அம்மணி வாசிக்கோணும். வேணும்னா பேரை விட்டுப்போடறேன்."

"கெழங்குக்குப் போன சோமனூர் லாரின்னா எத்தனைங்க இருக்குது? ஒண்ணே ஒண்ணு. பேரச் சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

அவர் ஃபோட்டோவைப் பார்த்தார். புருஷன் நினைவில்லாமல் கிடப்பதை ஒருத்தி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தன் குரலில் கேட்பதை நினைத்துப் பார்த்தார். தாளை உருவி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"சீனிவாசலு கடைக்கு ஃபோன் போட்டுச் சொல்லிரலாமே?" என்றார்.

"ஃபோன்ல சொல்ற விசயமுங்களா இது? நான் போறனுங்க. நேத்து அந்த அக்காகிட்ட ஃபோட்டோ வாங்குனதே நாந்தான்."

அரங்கசாமி மறுபேச்சுப் பேசவில்லை. கார் சாவியைத் தன் டிரைவரிடம் வீசினார். "இந்த அம்மணியக் கூட்டிப்போய், லாரிக்காரர் சம்சாரத்த அப்படியே ஆஸ்பத்திரில எறக்கிப்போட்டு வா" என்றார்.

படியில் கால் வைத்தவள் திரும்பினாள். "மாஸ்டருங்க, நான் ஃபோன் பண்ற வரைக்கும் பாப்பா பேர வாசிச்சுராதீங்க. பேரு வார வரைக்கும் அது டிவிய விட்டு அசையாது. அதுக்குள்ள அவங்கம்மாவ வெளிய கூப்பிட்டுச் சொல்லிருவேன். இன்னொண்ணுங்க. செய்தி வேண்டாமுங்க. செய்தின்னா அது எந்திரிச்சு வெளையாட ஓடிரும்."

வேறு நாளாக இருந்தால் இதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பார்.

ஏழு இருபதுக்கு, பூப்போட்ட திரைக்கு முன்னால், மோகனப்பிரியாவின் நாற்காலியில், பஞ்சுக் கரடி பொம்மைக்குப் பக்கத்தில் பாலகோபால் உட்கார்ந்தார். "வணக்கம். இன்றைய பிறந்தநாள்கள்" என்று ஆரம்பித்தார். வெள்ள நிவாரணம் வாசிக்கிற அதே குரல். "கருமத்தம்பட்டியைச் சேர்ந்த அருள்குமார் தமது மூன்றாவது வயதை இன்று நிறைவு செய்தார்." கேமரா பிடித்துக்கொண்டிருந்த பாலுசாமி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான்.

இந்த வாழ்த்துப் பட்டியலில் ஒரு பெயரைக்கூட விடக் கூடாது. ஒரு மாமன் பெயர் விட்டுப்போனால் மறுநாள் அந்த மாமன் நேரில் வந்து நிற்பார். எத்தனையோ நாள் இதைச் சொல்லி எரிந்து விழுந்த பாலகோபால் அன்றைக்கு ஒவ்வொரு மாமனையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அப்படியும் ஏழு முப்பத்தைந்துக்கு ஃபோட்டோக்கள் தீர்ந்துவிட்டன. கிருபாவுடையது மட்டும் மிச்சம். இரண்டு பாட்டுப் போட்டார்கள். ஃபோன் அடிக்கவில்லை.

என்ன செய்வது? மனிதருக்குப் பாடத் தெரியாது, கதை சொல்லத் தெரியாது. தெரிந்த ஒன்றைத் தூக்கி மேசைமேல் வைத்தார். டைப்ரைட்டர். "குழந்தைகளே, இது என்ன சத்தம் சொல்லுங்கள்" என்று படபடவென்று அடித்தார். மழை. நிறுத்தி நிறுத்தி அடித்தார். ரயில். வரி முடிந்ததும் மணி 'டிங்' என்றது. பிறகு கரடிக்காக ஒரு வேலை விண்ணப்பம் டைப் அடித்து, அதைக் கரடியிடமே வாசித்துக் காட்டி, வேலை கிடையாது என்று மறுத்தார். பாலுசாமி கேமரா குலுங்கக் குலுங்கச் சிரித்தான். பாலகோபாலின் கண் ஃபோனை விட்டு அகலவில்லை. 'அசையாதே கண்ணு, அங்கேயே உட்கார்ந்திரு' என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

எட்டாகப் போகிறது. அரங்கசாமி சன்னலில் தலையை நீட்டி, "நாஞ் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் தறியத் தொடக் கூடாது!" என்று கீழே கத்தினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையைத் தறிக்காரர்கள் அதுவரை கேட்டதில்லை.

எட்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. பாலுசாமி ஒரு பாட்டை ஓடவிட்டான்.

"சொல்லிப்போட்டனுங்க," என்றாள் மோகனப்பிரியா. "ஊட்டுக்குப் பொறத்தால கூட்டிப்போய்ச் சொன்னேன். எம்மேல சாஞ்சு, சீலையில வாயப் பொத்திக்கிட்டு அழுதாங்க. இப்பத்தான் கார்ல ஏறிப் போறாங்க. பாப்பா பேரு வாரதைப் பாக்கட்டும்னாங்க. வாசிங்க மாஸ்டரு. பாப்பா இங்கதான் இருக்குது."

ரிசீவரை மேசைமேல் கிடத்திவிட்டு, பாலகோபால் ஃபோட்டோவைக் கையில் எடுத்தார். "இன்று ஐந்தாவது பிறந்தநாள் காணும் கிருபா. வாழ்த்துவோர்..." நின்றுவிட்டார். முதல் பெயரே அப்பாதான். அந்த ஆள் இந்நேரம் இருக்கிறானா இல்லையா என்பதே தெரியாது. உறுதியாகாத ஒன்றை அவர் வாசித்ததே இல்லை. ஃபோட்டோவை நிமிர்த்திப் பிடித்தார். "அப்பா தமிழ்வேந்தன்," என்று எப்போதையும்விட உரக்க வாசித்தார். "அம்மா பழனியாத்தாள். தாத்தா சின்னான்..." ஒருவரையும் விடவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் ரிசீவரைக் காதில் வைத்தார். மறுபக்கத்தில் சின்ன மூச்சுச் சத்தம்.

"ஏனுங்க, எங்கப்பா அங்கியா இருக்குதுங்க?"

"இல்லீங் கண்ணு."

"எங்கம்மா அழுதுட்டே கார்ல போச்சுங்க. நாம் பாத்தனுங்க."

பெரியவர்கள் எல்லாரும் குழந்தையிடம் மறைக்கப் பார்த்தார்கள்; அது ஏற்கெனவே பார்த்துவிட்டது. பாலகோபால் நாற்காலியை விட்டு இறங்கி, ஃபோனோடு தரையில் உட்கார்ந்தார். "அப்பா ஓட்டிட்டு வந்த லாரி கவுந்துபோச்சு கண்ணு. அப்பாவுக்கு அடி பட்டிருச்சு. கோயமுத்தூருல டாக்டருங்க பாத்துக்கிட்டிருக்காங்க. அம்மா அங்கதான் போயிருக்காங்க." இவ்வளவு சின்னச் செய்தியை இவ்வளவு கஷ்டப்பட்டு அவர் சொன்னதில்லை.

"வலிக்குதுங்களாமா?" என்றது.

"தெரியலயே கண்ணு. நானே போயிக் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

தறிகள் ஓட ஆரம்பித்தபோது அவர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். இன்ஸ்டிடியூட் அன்றைக்குத் திறக்கவில்லை. பெரியாஸ்பத்திரி வராந்தாவில் பழனியாத்தாளுக்குத் துணையாக மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு தடவை காப்பி வாங்கிக் கொடுத்தார். இரண்டும் ஆறிப்போயின. மூன்று மணிக்கு மேல் டாக்டர் வெளியே வந்து, காலில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, விலாவிலும் அடி, உயிருக்குப் பயமில்லை, கண் விழித்துவிட்டார் என்றார். பழனியாத்தாள் கண்ணீரோடு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாலகோபாலுக்கும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ள வெட்கப்படவில்லை.

பொழுது சாயும் நேரத்துக்குச் சோமனூர் திரும்பி, நேராக சீனிவாசலு கடைக்குப் போனார். கிருபா புதுப் பாவாடையைக்கூட மாற்றாமல் மோகனப்பிரியாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் இறங்கி ஓடி வந்து எதிரில் நின்றாள். பாலகோபால் குனிந்து உட்கார்ந்தார்.

"கேட்டுட்டு வந்துட்டேன் கண்ணு. அப்பா கண்ணு முழிச்சுப் பேசறாரு. வலிக்குதாம். நெம்ப வலிக்குதாம். ஆனா உன்றகிட்டக் கொஞ்சந்தான்னு சொல்லச் சொன்னாரு."

அது அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. "எங்கப்பா எப்பவும் அப்படித்தானுங்க சொல்லும்," என்று சொல்லிவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அன்றைக்கு முதல்முறையாக அழுதது.