அக்கா மாதிரி இல்லை

"உங்களை ரொம்பப் பாதிச்ச ஓவியர் யார் சார்?" என்று கேட்டாள் பத்திரிகைக்காரப் பெண். என் நாற்பது வருடப் படங்கள் கண்காட்சிக் கூடம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. வெளிநாட்டுப் பெரிய கை யாரையாவது சொல்வேன் என்று பேனாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"எங்க அக்கா," என்றேன்.

"அவங்களும் வரைவாங்களா?"

"ஒரு பூசணிக்காய்கூட வரைய வராது. துணி தைப்பாங்க."

என் படங்களில் முகம் தெளிவாக இருக்கும். கைகள் மட்டும் நாலைந்து கோடுகளில் பறந்துகொண்டிருக்கும். காலத்தின் ஓட்டம் என்று எழுதினார் ஒரு விமர்சகர். காலமாவது கத்தரிக்காயாவது! மாடல் வைக்க வக்கில்லாத நாட்களில் அக்காவை வரைந்தேன். அவள் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்க மாட்டாள். "நீ பாட்டுக்கு வரைஞ்சுக்கோ, எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு" என்பாள். ஓடுகிற கையை எப்படிப் பிடிப்பது? ஓட்டத்தையே வரைந்தேன். என் சிவப்பும் நீலமும்கூட அப்படித்தான். கடைப் பலகை எழுதிப் பிழைத்தபோது டப்பாவின் அடியில் மிஞ்சியவை அவை இரண்டும்தான். அதற்கெல்லாம் பிற்பாடு பாணி என்று பெயர் வைத்தார்கள்.

விருதுகள் வந்தன. அக்கா மட்டும் மசியவில்லை. ஒவ்வொரு படமும் முடிந்ததும் மிஷினை நிறுத்தி, கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்ப்பாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நான் இல்ல." அவ்வளவுதான், எனக்குச் சோறு இறங்காது. ஊரே கொண்டாடினாலும், அவள் வாயால் ஒரு தடவை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. ஒருமுறை ஆத்திரத்தில், "அப்ப இது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?" என்று கத்தினேன்.

"அவளாவும் இருக்கலாம்," என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

பேட்டி முடிவதற்குள் அக்கா வந்துவிட்டாள். தலையைப் படிய வாரியிருந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்தாள்.

"இது இல்ல." அடுத்தது. "இதுவும் இல்ல."

பத்திரிகைக்காரப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். கடைசிப் படம் புதிது. அக்காவுக்குக் காட்டவே இல்லை. அதில் அவள் மிஷின்மேல் குனிந்திருக்கிறாள், கைகள் பறக்கின்றன, நெற்றியில் ஒரு நரைமுடி கலைந்து விழுந்திருக்கிறது.

அதன் முன்னால் நின்றாள். பிறகு கையைத் தூக்கி, தன் நெற்றியில் இல்லாத முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

"தலை இப்படிக் கலைஞ்சு கிடக்கே, ஒரு வார்த்தை சொல்ல மாட்டியாடா?" என்று என்மேல் பாய்ந்தாள். "இத்தனை பேர் பாக்குறாங்க!"

கூடமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "ஜெயிச்சுட்டேன்க்கா!"

"என்னத்த ஜெயிச்ச? போய் பிரஷ்ஷ எடுத்துட்டு வா. முதல்ல அந்த முடிய அழி."

"மாட்டேன்," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்கா பேச்சைத் தட்டினேன்.