பன்னிரண்டு துண்டு

அந்தமானின் லாங் ஐலண்டுக்குக் காய்கறி ஏற்றிவரும் கப்பல் வந்து இருபத்திரண்டு நாளாயிற்று. ரோசலினுக்கு ஐந்தாம் மாதம். சோறு, கஞ்சி, மீன் எது உள்ளே போனாலும் போன வேகத்தில் திரும்பி வந்தது. அவித்த உருளைக்கிழங்கு மட்டும்தான் வயிற்றில் தங்கியது. முதல் பிள்ளையை இப்படித்தான் வெறும் வயிற்றோடு கிடந்து ஆறாம் மாதத்தில் பறிகொடுத்திருந்தாள். வீட்டில் மிச்சம் ஐந்து கிழங்கு.

மர மில்லில் ரம்பம் பிடிக்கும் அவள் புருஷன் அல்போன்ஸுக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும் நாட்களில்தான் வீட்டுக்கு ஆபத்து. மூன்று கிழங்கை எடுத்து, துண்டுக்கு ஒரு முளைக்கண் வீதம் பன்னிரண்டாக நறுக்கினான். வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, கொல்லையில் ஊன்றினான்.

"மூணே மாசம். கப்பக்காரனே நம்மகிட்ட வந்து ஆலுக்கிழங்கு கேப்பான் பாரு."

"இன்னைக்கு நான் என்னத்தத் திங்க?" என்றாள் ரோசலின்.

"அதான் ரெண்டு இருக்குல்லா?"

பக்கத்து வீட்டு மத்தியாஸ் வேலிக்கு அப்பால் நின்று சிரித்தான். "பொண்டாட்டிக்கு ஊட்டாம மண்ணுக்கு ஊட்டுதியாடே?"

அல்போன்ஸும் சேர்ந்து சிரித்தான். தன்னைக் கேலி செய்தால் முதலில் சிரிப்பவன் எப்போதும் அவன்தான்.

இரண்டு கிழங்கை நாலு நாள் ஓட்டினார்கள். அப்புறம் ரோசலின் வெந்நீரைக் குடித்து வெந்நீரைக் கக்கினாள். அவன் காலையும் மாலையும் பாத்திக்குத் தண்ணீர் தெளித்தான். நாளைக்குக் கப்பல் வந்துவிடும் என்று தினமும் சொன்னான்.

பத்தாம் நாள் மில்லிலிருந்து அவன் மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது அவள் அடுப்படியில் குந்தியிருந்தாள். நகக்கண் எல்லாம் மண். கையில் சாம்பல் அப்பிய, அரைவேக்காட்டுத் துண்டு. அவனைக் கண்டதும் முந்தானைக்குள் மறைத்தாள்.

"ஆறுதான் தோண்டுனேன். அடிச்சிராதீங்க."

மூன்று வருஷத்தில் அவன் அவள்மேல் கை ஓங்கியதுகூட இல்லை. இந்தப் பத்து நாளில் அவள் கண்ணுக்கு என்னவாக ஆகிப்போனோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

கொல்லைக்குப் போய் மிச்ச ஆறையும் கையாலேயே பறித்தான். இரண்டு அழுகிக் கொழகொழத்தன. நான்கில் வெள்ளை முளை. முளையைக் கிள்ளி எறிந்து, தோலை ஆழச் சீவி, உப்புப் போட்டு அவித்தான். ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை.

"தின்னு தாயி."

தின்றாள். அவன் சட்டியை ஏந்திக்கொண்டு அவள் தொண்டையையே பார்த்திருந்தான். வாந்தி வரவில்லை.

வெளியே சங்கு ஊதியது. கப்பல் இல்லை, வேலைக்குக் கூப்பிடும் மில் சங்கு. அவன் எழுந்திருக்கவில்லை. நாளைக்கு அவளுக்கு அவித்துப் போட ஒரு கிழங்கும் இல்லை.